குழந்தையைக் கேட்டீர்களா?

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கடலூர் போயிருந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள், சிதம்பரத்தில் இருக்கும் என் நாத்தனாரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். "பஸ்ஸில் போனால் நினைத்தபோது போகலாமே, எதற்காக ரயிலுக்குக் காத்துக் கிடக்கிறாய்?" என்று கல்யாண வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு என்னவோ ரயில்தான் பிடிக்கும். பஸ்ஸில் எல்லோரும் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு போகிறோம். ரயிலில்தான் முகத்தோடு முகம் பார்த்து உட்கார முடிகிறது.

எனக்கு எதிரே ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்குப் பதினாலு வயதிருக்கும். ஒன்பதாவது படிக்கிறாளாம். மடியில் ஒரு பள்ளிக்கூடப் பை. ஏறி உட்கார்ந்ததிலிருந்து தாயார் அவளைக் கடிந்துகொண்டே இருந்தாள்.

"எத்தனை தடவை சொல்றது உனக்கு? பையை ரெண்டு தோள்லேயும் மாட்டுன்னு சொன்னா ஒரே பக்கமாத் தொங்க விட்டுக்கிட்டு நிக்கிறே. கூன் விழுந்துடும், பார்த்துக்கோ. எல்லாம் ஸ்டைலு!"

பெண் பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதுநகர் தாண்டியதும் தாயார் தூக்கு டப்பாவைத் திறந்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை எனக்கும் இரண்டு எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் விடுகிற ரகம் இல்லை. சாப்பிட்டு முடிந்ததும், கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதங்களை எடுத்தாள்.

"அக்கா, உங்களைப் பார்த்தாப் படிச்சவங்க மாதிரி தெரியுது. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? எனக்கும் எழுத்துத் தெரியும். பத்தாவது வரைக்கும் படிச்சேன். எழுத்துத்தான் புரியுது, அர்த்தம் புரியலை. கையெழுத்துப் போடலாமா, வேண்டாமான்னு சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். நாலு பக்கம். தமிழில்தான் இருந்தது. ஆனால் கோர்ட்டுத் தமிழ். 'ஆராய்ச்சியில் பங்கேற்பதற்கான சம்மதப் படிவம்' என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு இருக்கும் வியாதியைப் பற்றி வெளியூரில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். அதில் அவளைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார்கள்.

அந்த வியாதியைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும், ஒரே சீப்பால் தலை வாரினாலும், ஒரே பாயில் படுத்துத் தூங்கினாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. இதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வியாதியின் பெயர் நியூரோஃபைப்ரோமடோசிஸ். வாயில் நுழையாத பெயர் என்று பயப்படாதீர்கள். நரம்பின் உறையில் நார்க் கட்டிகள் முளைக்கும் வியாதி என்பதுதான் அதற்கு அர்த்தம். இந்தக் கட்டிகள் நரம்பிலிருந்து கிளம்புகின்றன என்று 1882-ம் ஆண்டில் எடுத்துக் காட்டியவர் ஃபான் ரெக்லிங்ஹௌஸன் என்ற ஜெர்மன் டாக்டர்.

நம் உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் இருபத்து மூன்று ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் பதினேழாவது ஜோடியில் ஒரு மரபணு இருக்கிறது. சைக்கிளுக்குப் பிரேக் எப்படியோ, அப்படி அணுக்களின் வளர்ச்சிக்கு இது பிரேக். ஜோடியில் ஒன்று பழுதாகப் பிறந்துவிட்டால், சில இடங்களில் பிரேக் பிடிக்காமல் போய், நரம்பின் உறை கட்டியாக வளர்ந்துவிடுகிறது. இந்த மரபணுவை 1990-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

அடையாளம் என்ன தெரியுமா? பால் விட்ட காப்பி நிறத்தில் தோலில் தட்டையான திட்டுக்கள். ஒன்றிரண்டு திட்டுக்கள் எத்தனையோ பேருக்கு இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆறோ அதற்கு மேலோ இருந்து, ஒவ்வொன்றும் சிறு குழந்தைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல், வயதுக்கு வந்த பிறகு 15 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அக்குளில் பொடிப் பொடியாகப் புள்ளிகளும் வரலாம். வயதுக்கு வரும் காலத்தில் தோலில் மெத்தென்ற சிறு கட்டிகள் முளைக்கலாம். கர்ப்ப காலத்தில் அவை அதிகமாகலாம். சிலருக்கு உள்ளே நரம்பைச் சுற்றிப் பின்னிக்கொண்டு பெரிய கட்டி வளரும். சில குழந்தைகளுக்குப் படிப்பு ஏறுவது சிரமமாக இருக்கும். பெரும்பாலான கட்டிகள் சாது. ஆனால் எந்தக் கட்டியாவது திடீரென்று வளர்ந்தாலும், விடாமல் வலித்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். சில சமயம் அது புற்றுநோயாக மாறுவதுண்டு.

சுமார் மூவாயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இந்த வியாதி இருக்கிறது. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி கடலூர் ஜில்லாவில் இருபத்தாறு லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள். ஜில்லாவில் மட்டும் எண்ணூறு பேர் வரை இருக்கலாம். அபூர்வ வியாதி என்கிறோம். ஆனால் எண்ணூறு குடும்பம் என்றால் அது ஒரு சின்ன ஊர் அல்லவா?

"எங்க ரெண்டு பேர் பரம்பரையிலேயும் யாருக்கும் இல்லை அக்கா" என்றாள் அந்தத் தாய். "மாமியார் என்ன சொல்றாங்க தெரியுமா? கிரகணத்தன்னிக்கு நான் வெளியே வந்துட்டேனாம். அதனாலதான் பிள்ளைக்கு இப்படி ஆயிடுச்சாம். பதினாலு வருஷமா இதையே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இந்த வியாதி உள்ளவர்களில் பாதிப் பேருக்குத் தாய் தகப்பன் இருவருக்குமே வியாதி கிடையாது. கரு உண்டாகும்போதே அந்த மரபணுவில் புதிதாக ஒரு பிழை நேர்ந்துவிடுகிறது. எழுதும்போது கை தவறி ஓர் எழுத்து மாறிவிடுவதைப் போல. அதற்குக் கிரகணமும் காரணம் இல்லை, தாயார் சாப்பிட்டதும் காரணம் இல்லை. ஆனால் வியாதி உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. நாணயத்தைச் சுண்டிப் போடுவது போல, ஒவ்வொரு தடவையும் புதிதாக.

இதைச் சொன்னதும் அந்தத் தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அதை விடுங்க. இந்தக் காகிதத்துக்கு வாங்க. என் பிள்ளையை வெச்சுச் சோதனை பண்ணப் போறாங்களா?" என்று கேட்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே அழைத்துப் போனார்களாம். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் சுற்றி நின்றார்களாம். "ஒரு வார்த்தை கேட்கலை அக்கா. சட்டையைத் தூக்கிக் காட்டுன்னாங்க. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்து நோட்டுலே எழுதிக்கிட்டாங்க. அன்னையிலேருந்து இவ டாக்டர்னாலே அழுவா. இப்போ அண்ணாமலை நகர்லே காட்டறோம். இங்கேயும் அப்படி நடந்துடுமோன்னு முதல் தடவை உள்ளே வரவே மாட்டேன்னுட்டா."

அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று 1985-ல் தொடங்கி, பிறகு சர்க்கார் வசம் வந்து, இப்போது கடலூர் ஜில்லாவின் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அதுதான்.

நோயாளியைக் காட்சிப் பொருளாக்கும் வழக்கம் பழைய காலத்திலிருந்தே உண்டு. லண்டனில் ஜோசப் மெரிக் என்று ஒருவர் இருந்தார். 1862-ல் பிறந்தவர். உடம்பும் முகமும் கட்டிகளாலும் வளர்ச்சிகளாலும் உருமாறிப் போயிருந்தன. 'யானை மனிதன்' என்று பெயர் வைத்து, காசு வாங்கிக்கொண்டு அவரைக் கடையில் காட்டினார்கள். 1884-ல் ஒரு டாக்டர் அவரை அழைத்துப் போய் வைத்திய சங்கத்திலும் நிறுத்திக் காட்டினார். கடைசி நாலு வருஷம் ஆஸ்பத்திரியே அவருக்கு வீடாக இருந்தது என்பது உண்மை. 1890-ல், இருபத்தேழு வயதில், அவர் இறந்து போனார்.

அவருக்கு இருந்தது நியூரோஃபைப்ரோமடோசிஸ்தான் என்று டாக்டர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1986-ல்தான், அது வேறு வியாதியாக இருக்க வேண்டும் என்று காரணங்களோடு எடுத்துச் சொன்னார்கள். அதற்குள் எத்தனை குழந்தைகள், "உனக்கு யானை மனிதன் வியாதி" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தார்களோ! எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பார்ப்பது வேறு, கேட்பது வேறு.

இந்த வித்தியாசத்தை ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது உணர ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன்.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தைச் சேர்ந்த டாக்டர்கள் தலைமையில், 2015 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்குள், இந்த வியாதி உள்ள 50 குழந்தைகளை ஒரு மருந்துச் சோதனையில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் கத்தி வைத்து எடுக்க முடியாத கட்டிகள். மருந்தின் பெயர் செலுமெடினிப். வாயில் போட்டு விழுங்கும் மருந்து. கட்டி எவ்வளவு சுருங்கிற்று என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து அளந்தார்கள். 35 குழந்தைகளுக்குக் கட்டி ஐந்தில் ஒரு பங்காவது சுருங்கியிருந்தது.

பழைய காலமாக இருந்தால், இதோடு நிறுத்திக்கொண்டிருப்பார்கள். ஆனால் இவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். விவரம் தெரிந்த குழந்தைகளிடம், "உனக்கு வலி எவ்வளவு? வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. நீயே சொல்" என்று கேட்டார்கள். பெற்றோரைத் தனியாகக் கேட்டார்கள். ஓராண்டு மருந்து சாப்பிட்ட பிறகு, குழந்தைகள் சொன்ன வலி சராசரியாக இரண்டு எண் குறைந்திருந்தது. கை கால் வலுவும் பலருக்குக் கூடியிருந்தது. எல்லோருக்கும் நன்மை என்று சொல்ல முடியாது. ஐந்து பேர் மருந்தின் கெடுதல்களால் நிறுத்திவிட்டார்கள். ஆறு பேருக்குக் கட்டி மேலும் வளர்ந்தது. இதையும் மறைக்காமல் எழுதினார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்க சர்க்கார் அந்த மருந்தை அனுமதித்தது. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து மிர்டமெடினிப் என்ற இன்னொரு மருந்துக்கு 2025 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது.

ஸ்கேன் மெஷின் கட்டியை அளக்கும். வலியை அளக்க அதற்குத் தெரியாது. அந்த அளவுகோல் குழந்தையின் வாயில்தான் இருக்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வியாதியைப் பாருங்கள். அதற்குக் காரணமான மரபணு இருபத்திரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. அது வந்தால் இரண்டு காதுகளுக்கும் போகும் நரம்புகளில் கட்டி வளரும். டாக்டருக்குக் கட்டியின் அளவு முக்கியம். உயிருக்கு ஆபத்து வரக் கூடாதே! ஆனால் அந்த நோயாளி ஒரு தாயாக இருந்தால், "என் குழந்தை கூப்பிடுகிற குரல் இன்னும் எத்தனை நாள் என் காதில் விழும்?" என்றுதான் கேட்பாள். எதைக் குணம் என்று எண்ணுவது என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவளும் இருக்க வேண்டாமா? இதற்காகத்தான், இந்த வியாதிகளில் மருந்தின் பலனை எப்படி அளப்பது என்று தீர்மானிப்பதற்காக 2011-ல் பல தேசத்து நிபுணர்கள் சேர்ந்து அமைத்த 'ரெயின்ஸ்' என்ற கூட்டு முயற்சியில், பிற்பாடு நோயாளிகளையும் பெற்றோரையும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அபூர்வ வியாதிகளுக்கு இது இன்னும் அவசியம். சர்க்கரை வியாதி என்றால் ஒரே தெருவில் பத்துப் பேர் கிடைப்பார்கள். இந்த வியாதியிலோ ஒரு டாக்டர் தம் ஆயுளில் பார்க்கிறவர்கள் சொற்பம். அதிலும் ஒருவருக்கு இருப்பது போல் இன்னொருவருக்கு இருக்காது. ஒரே குடும்பத்தில் தகப்பனுக்கு வெறும் காப்பித் திட்டு. மகனுக்கு முதுகெலும்பு வளைவு. ஒவ்வொருவரும் தம் அனுபவத்தைத் தனித் தனியாக முடிந்து வைத்துக்கொண்டால், வியாதியின் முழு உருவம் யாருக்குமே தெரியாமல் போகும்.

"ஏழை ஜனங்கள் சொல்வதிலும் செய்வதிலும் என்ன ஆராய்ச்சி இருக்கிறது?" என்று யாராவது கேட்டால், நம் சென்னையையே காட்டலாம். 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள். காசம் வந்தால் சானடோரியத்தில் சேர்த்தே தீர வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை சானடோரியத்தில் வைத்தார்கள்; இன்னொரு பிரிவுக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். இடுக்கமான வீடுகள், போதாத சாப்பாடு. இருந்தும் வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம் கிடைத்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளிவந்த பிறகு உலகமே காச வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. சென்னையின் எளிய குடும்பங்கள் பங்குகொண்டிராவிட்டால் அது நடந்திருக்குமா?

ஆகவே, ஆராய்ச்சி என்றதும் எலியையும் முயலையும் நினைத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் கூடாது. நமக்கு உரிமைகள் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் அவை தெளிவாக இருக்கின்றன. விஷயத்தை நமக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். சேர்வதும் சேராததும் நம் இஷ்டம். நடுவில் விலகிக்கொள்ளலாம்; அதற்காக வழக்கமான வைத்தியத்தைக் குறைக்கக் கூடாது. ஆராய்ச்சியினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவசமாக வைத்தியம் செய்ய வேண்டும். மருந்துச் சோதனையாக இருந்தால், 2019-ம் வருஷத்து விதிகளின்படி, அதை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் வைத்தியம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவரும், ஒரு பெண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். நம் நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007-ல் ஒரு பொதுப் பதிவேடு ஏற்பட்டது. 2009-லிருந்து அதில் பதிவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம்.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டில் சொல்லிக்கொண்டே படிவத்தைப் புரட்டினேன். இது மருந்துச் சோதனை அல்ல. ஒரு தடவை ரத்தம் எடுத்து மரபணுவைப் பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, வியாதியினால் அன்றாட வாழ்க்கையில் என்ன கஷ்டம் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். தாய் தகப்பன் கையெழுத்துக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொரு கோடு. 'பங்கேற்கும் குழந்தையின் கையெழுத்து.'

"இதைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு அக்கா? அவளுக்கு என்ன தெரியும்? நான்தானே போடணும்?"

இல்லை. அந்த நெறிமுறைப்படி, ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை குழந்தையின் வாய்மொழிச் சம்மதம் வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் பதினெட்டு வரை எழுத்து மூலமாகவே சம்மதம் வேண்டும். பெற்றோர் சம்மதித்தாலும் குழந்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் யோசனை கேட்ட தாய், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மகளைக் கேட்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை ஏது? அரை மணி நேரமாக நானும் தாயாரோடுதானே பேசிக்கொண்டிருந்தேன்!

வண்டி பரங்கிப்பேட்டையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் தடதடவென்று ஏறியது. சத்தம் அடங்கியதும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஏம்மா, நீ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? இந்த வியாதியிலே உனக்கு ரொம்பக் கஷ்டம் எது?"

"அதான் தெரியுமே! முகத்துக்கிட்டே, கழுத்துக்கிட்டே திட்டு இருக்கே, நாளைக்குக் கல்யாணம்னு வந்தா..." என்று தாயார் ஆரம்பித்தாள்.

"அது இல்லேம்மா" என்றாள் பெண்.

பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள். "வலது தோள்லே, உள்ளே ஒரு கட்டி இருக்கு பெரியம்மா. வெளியே பார்த்தாத் தெரியாது. பை வார் அது மேலே பட்டா, விரல் நுனி வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். அதான் ஒரு பக்கமா மாட்டிக்கிறேன்."

தாயார் அப்படியே அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டி எங்கிட்டே சொல்லலை?"

"நீ கேட்கலையே. ஸ்டைலுன்னு திட்டினே."

அதற்கப்புறம் இன்னொன்றும் வந்தது. போர்டில் இருக்கும் கணக்கை நோட்டில் எழுதுவதற்குள் வரிசை தப்பிவிடுகிறதாம். கவனம் இல்லை என்று வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறார்களாம். "நான் கவனிச்சுத்தான் எழுதறேன். எப்படியோ மாறிடுது" என்றாள். இந்த வியாதி உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்காவது இப்படிப் படிப்பில் தடங்கல் உண்டு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல. வியாதியின் ஓர் அங்கம். ஆனால் பதினாலு வருஷமாக வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

இந்த இரண்டு விஷயமும் எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது. நோயாளியை ஆராய்ச்சியில் கூட்டாளியாகச் சேர்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதன் தாத்பர்யம் அன்று அந்த வண்டியில்தான் எனக்கு விளங்கிற்று.

கிள்ளையில் வண்டி நின்றபோது, என் பேனாவை வாங்கிக்கொண்டு தாயும் மகளும் தலையோடு தலை சேர்த்துப் படிவத்தின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்கள். கையெழுத்து அல்ல, கேள்விகள். ரத்தத்தில் தெரிகிற முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா? சொல்லும்போது புரியும்படி எடுத்துச் சொல்ல ஆள் இருக்குமா? பெயர் வெளியே வராமல் எப்படிக் காப்பாற்றுவீர்கள்? மிச்ச ரத்தத்தை என்ன செய்வீர்கள்? போக்குவரத்துச் செலவு யாருடையது? இவை தாயாரின் கேள்விகள். மகள் எழுதியது ஒன்றே ஒன்று: சட்டையைத் தூக்க வேண்டியிருந்தால், முன்னால் என்னைக் கேட்பீர்களா?

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு காகிதம் வந்தால், இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நல்ல ஆராய்ச்சிக்காரர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். முகம் சுளிப்பவராக இருந்தால் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

சிதம்பரம் வந்தது. இறங்கும்போது தாயார் ஒன்றும் பேசாமல் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பிளாட்பாரத்தில் நின்று, "ஊர், பேர் எதுவும் போடாமல் உங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா?" என்று கேட்டேன். அன்று கற்ற பாடத்தை அன்றே மறக்கலாமா? தாயார் சரி என்றாள். மகளைப் பார்த்தேன்.

"எழுதுங்க பெரியம்மா. ஆனா ஒண்ணு. இது தொட்டா ஒட்டிக்காதுன்னு முதல்லே எழுதுங்க. கிளாஸ்லே எம் பக்கத்துலே யாரும் உட்காரறதில்லை."

முதலில் எழுதிவிட்டேன், அம்மா.